முப்பத்தேழு கோட்டு சுண்ணாம்பு

பொங்கல் முடிந்து ஊரே கரும்புச் சக்கையைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை விடியலில், அலமேடு மிக்கேல் சம்மனசு கோவில், போன வருஷத் திருவிழாவுக்கு அடித்த சுண்ணாம்பை இளக்கிக் கீழே விட்டது. அது பொரிந்து விழவில்லை, உதிரவும் இல்லை. அடித்த அன்று வாளியில் எப்படி இருந்ததோ அப்படியே பாலாகி, மணிக்கூண்டிலிருந்தும் தூண்களிலிருந்தும் சன்னல் வளைவுகளிலிருந்தும் வழிந்து, முற்றத்தில் ஓடி, உபதேசியார் வீட்டுக் கோழிகளின் காலை நனைத்துக்கொண்டு வாய்க்காலில் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அதற்கு முந்தின வருஷத்துச் சுண்ணாம்பு வழிந்தது. அந்த வருஷம் நீலம் தூக்கலாகப் போட்டுவிட்டார்கள் என்று எல்லோரும் திட்டியது நினைவிருந்ததால், நீலமாக வழிந்ததைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டோம். மூன்றாம் நாள் மஞ்சள் வந்தது; ஆயர் வந்துபோன வருஷம் அது. அப்புறம் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கள் கோவில் நாளுக்கு ஒரு வருஷமாகப் பின்னால் நடக்கத் தொடங்கிவிட்டது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்கிறீர்களா? முதல் வாரம் முழங்கால் போட்டு ஜெபமாலை சொன்னார்கள். இரண்டாவது வாரம், பூசைக்குப் பழைய புடவை கட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாவது வாரம் கொசு மாதிரி, வெயில் மாதிரி, இதுவும் ஒன்று என்று ஆகிவிட்டது. டீக்கடை லாசர் கரும்பலகையில் அன்றன்றைய வருஷத்தை எழுதிப் போட்டு, அதற்குப் பக்கத்தில் வடை விலையையும் எழுதினார். கல்யாணமான வருஷத்துச் சுண்ணாம்பைச் சிலர் பாட்டிலில் பிடித்துக்கொண்டார்கள். புருஷன் ஓடிப்போன வருஷத்துச் சுண்ணாம்பை ஒருத்தி காறித் துப்பி மிதித்தாள். வெற்றிலை போடுகிறவர்கள் கட்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, அந்தக் காலத்துச் சுண்ணாம்புக்கு இருந்த காரம் இப்போது ஏது என்று பேசிக்கொண்டார்கள். சுதந்திரம் வந்த வருஷம் எழுபத்திரண்டாம் நாள் வந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். உலக யுத்த காலத்தில் வெள்ளை அடிக்க வக்கில்லாத வருஷங்களும் இருந்தன. அந்த நாள்களில் கோவில் சொட்டுக்கூட வழியாமல் காய்ந்து நிற்கும். அன்றைக்குப் பெண்கள் முற்றத்தில் வத்தல் போட்டார்கள்.

ஆனால் எனக்கு வேறு கணக்கு இருந்தது. எங்கள் தெருவுக்கே வேறு கணக்கு இருந்தது.

எங்கள் கோவிலுக்குள் ஒரு சுவர் இருக்கிறது. வாசலிலிருந்து பீடத்துக்குப் பக்கம் வரைக்கும், தெற்கு வரிசைத் தூண்களுக்கு நடுவே, ஓர் ஆளும் அரை ஆளும் உயரத்துக்கு. சுவருக்கு வடக்கே நடுக்கூடம், பெரிய வாசல், விசிறி, ஞானஸ்நானத் தொட்டி, எல்லாம். அது மேட்டுத் தெருக்காரர்களுடையது. சுவருக்குத் தெற்கே ஒரு நீளமான இருட்டு, அதற்கு ஒரு சின்ன வாசல். அது காலனிக்காரர்களாகிய எங்களுடையது. சுவரின் நடுவே ஒரு சன்னல் ஓட்டை. ஒரு காலத்தில் சாமியார் அந்த ஓட்டை வழியாகத்தான் எங்களுக்கு நற்கருணை கொடுத்தாராம். இப்போது சுற்றி வந்து கொடுக்கிறார். அதைப் பெரிய முன்னேற்றம் என்று மேடைக்கு மேடை சொல்லுவார்கள்.

"இப்பல்லாம் யாரும்மா சாதி பாக்குறாங்க? சுவரு சும்மா இருக்குது. கூரையத் தாங்கிக்கினு நிக்குது" என்பார் மேட்டுத் தெரு இன்னாசியார். பங்குப் பேரவைத் தலைவர். வெள்ளை வேட்டி, கழுத்தில் உத்தரியம், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். குரலை உயர்த்தாமலே நூறு வருஷம் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

என் மகளுக்கு அப்போது ஐந்து மாசம். ஞானஸ்நானம் ஆகவில்லை. தொட்டி வடக்கே இருப்பதால், எங்கள் பிள்ளைகளுக்குச் சாமியார் ஒரு பேசினில் தண்ணீரும் ஒரு பிளாஸ்டிக் மக்கும் எடுத்துக்கொண்டு, முற்றத்தைச் சுற்றி, சின்ன வாசல் வழியாக வந்து தலையில் ஊற்றிவிட்டுப் போவார். எனக்கும் அப்படித்தான் ஊற்றினார்கள், என் புருஷனுக்கும் அப்படித்தான். பிள்ளையைப் பெற்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, அவளுடைய உச்சிக்குழி துடிப்பதைப் பார்த்தபோதே முடிவு பண்ணிவிட்டேன்: இந்தத் தலையில் மக்கு தண்ணீர் விழாது. சுவர் போகட்டும், தொட்டிக்கு நடந்து போய்ப் பேர் வைக்கிறேன். அதுவரைக்கும் அவள் பேர் பாப்பா.

"பிலோ, உனுக்குக் கொழுப்புடி" என்பார் என் மாமியார் ரோசம்மா. "புள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா, ஆத்துமா எங்க போவும்? நீ புடிச்சி வச்சிக்குவியா?"

"ஆண்டவருக்குத் தெரியாதா அத்தை, தொட்டி எந்தப் பக்கம் இருக்குதுன்னு?"

வாய் சொல்லுமே தவிர, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ராத்திரி முழுக்க அவள் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாசி மாதம் பாப்பாவுக்கு நெஞ்சுச் சளி கட்டி மூச்சு இழுத்த மூன்று நாளும், இடுப்பில் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தபோது, நான் வேண்டிக்கொண்டதைவிட அந்தச் சுவரைச் சபித்ததுதான் அதிகம். அந்தச் சுவரால் என் பிள்ளையின் ஆத்துமா நடுத்தெருவில் நிற்கிறதே என்று பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

இப்போது அந்துவான் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரைக்கால்காரர், பிரான்சில் குடியிருப்பவர். அங்கே எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷத்துப் பழைய கோவில்களுக்குப் போய், இந்தச் சுவர் முதலில், இந்தக் கோபுரம் பிறகு, இந்தச் சன்னல் அதற்கும் பிறகு என்று வயசு சொல்லுவதுதான் அவருக்கு வேலை. எங்கள் கோவிலைப் பாரம்பரியக் கட்டடமாக எழுதிப் பதிய வேண்டும் என்று மறைமாவட்டத்தில் முடிவானபோது அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். பதிந்துவிட்டால், கட்டும்போதே இருந்த எதையும் அப்புறம் யாரும் தொடக்கூடாது, ஒரு செங்கல்லைக்கூட மாற்றக்கூடாது. இன்னாசியார் ஓடி ஓடி வேலை செய்தது அதற்குத்தான். கோவிலை எழுப்பிய குளமான் சாமியாரே கூரைக்குத் தாங்கலாக அந்தச் சுவரையும் சேர்த்துக் கட்டினார் என்று பேரவையில் தீர்மானம் எழுதி வைத்திருந்தார்கள். அது பதிவாகிவிட்டால் சுவரை அரசாங்கமே காவல் காக்கும். என் மகளுக்கும் அவள் மகளுக்கும் மக்கு தண்ணீர்தான்.

கோவில் இளகத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அந்துவான் சார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஒரு சின்னக் கத்தி, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு நோட்டு. நான் அன்றைக்குத் தெற்கு இருட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். என்னை "மதாம்" என்று கூப்பிட்டார். நான் திரும்பி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன்.

"இங்க கொஞ்சம் வெளக்கப் புடிக்கிறீங்களா, மதாம்?"

சுவர் தூணில் வந்து ஒட்டுகிற இடத்தில், விரல் போகிற அளவுக்குக் காரையை நெம்பி எடுத்திருந்தார். உள்ளே தூணின் முகத்தில் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக வெள்ளை. கண்ணாடியை என் கண்ணில் வைத்து எண்ணச் சொன்னார். எண்ணினேன். முப்பத்தேழு.

"தூண் இருக்கு. வருஷா வருஷம் திருவிழாவுக்கு வெள்ளை அடிக்கிறாங்க. ஒருநாள் அது மேல சுவர வச்சு ஒட்டிட்டாங்க. அதுவரைக்கும் அடிச்ச வெள்ளை மட்டும் பின்னால மாட்டிக்கிச்சு. இன்னா அர்த்தம்?"

"கோவிலு கட்டி முப்பத்தேழு வருஷம் சுவரே கெடையாது" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

"பிரான்சுல இப்படி ஒரு கோவில் இருக்கு, மதாம். பெரிய வாசல் பக்கத்துல ஒரு குட்டி வாசல். குனிஞ்சாத்தான் போவ முடியும். ஊரு தொடாத ஜனங்க கொஞ்சம் பேர் இருந்தாங்க. தச்சு வேலை செய்யறவங்க. கோவில் உத்தரத்தையே அவங்கதான் இழைச்சாங்க. ஆனா அந்தக் குட்டி வாசல் வழியாத்தான் வரணும். நன்மை அப்பத்த ஒரு குச்சி நுனியில வச்சு நீட்டுவாங்களாம். ஏன் தொடக்கூடாதுன்னு கேட்டா யாருக்கும் தெரியல. அந்த வாசல் கோவிலோட பொறந்ததுன்னு ஊரே சொல்லுச்சு. பாத்தா, கட்டி முடிச்சு இருநூறு வருஷம் கழிச்சுச் சுவர ஒடச்சு வச்சிருக்காங்க. சொன்னேன். அன்னிக்கு எனக்கு யாரும் சாப்பாடு போடல."

"அந்த ஊர்லயும் மேட்டுத் தெரு இருந்துதா, சார்?"

"எல்லா ஊர்லயும் இருக்கு" என்று நோட்டில் முப்பத்தேழு என்று எழுதினார். நான் அவருக்குச் சோறு போட்டேன். கருவாட்டுக் குழம்பு. ரெண்டு தரம் வாங்கிக்கொண்டார்.

பேரவையில் இன்னாசியார் அதைக் கேட்டுச் சிரித்தாராம். அந்தக் காலத்தில் வருஷத்துக்கு ஒரு தரமா அடித்தார்கள், கொள்ளை நோய் வந்தால் நாலு தரம் அடிப்பார்கள், பதினஞ்சு தரம்கூட அடிப்பார்கள், முப்பத்தேழு கோட்டு ஒரே வருஷத்தில் வந்திருக்கும் என்றாராம். சுண்ணாம்புக்கு வாயா இருக்கிறது, எழுந்து வந்து சாட்சி சொல்ல, என்றும் கேட்டாராம். அது டிசம்பரில். ஜனவரியில் சுண்ணாம்பு எழுந்து வந்துவிட்டது.

எண்பத்தெட்டாம் நாள், மணிக்கூண்டு கட்டின வருஷத்தின் முறை. அன்று காலையில் வழிந்தது வெள்ளை மட்டும் இல்லை. செங்கல்லுக்கு நடுவே இருந்த காரையே இளகிவிட்டது. என் புருஷன் சூசைநாதன் மேஸ்திரி. ஏணி வைத்து ஏறி, ஒரு செங்கல்லைச் சும்மா இழுத்தார். பழத்திலிருந்து கொட்டை வருகிற மாதிரி கையோடு வந்தது. மோந்து பார்த்தார்.

"காரையில ஊத்தன கடுக்காய்த் தண்ணி வாசம் போவல பிலோ. இப்பத்தான் கலந்த மாதிரி இருக்குது" என்று திரும்ப வைத்து, தட்டி, வழித்துவிட்டு இறங்கினார். சாயங்காலம் திரிகால மணி அடிப்பதற்குள் எல்லாம் கல்லாக இறுகிவிட்டது. முன்மண்டபத்துக்குப் பின்னாளில் பூசின சிமெண்ட் மட்டும் எந்த நாளிலும் அசையவே இல்லை. சிமெண்டுக்கு ஞாபகம் கிடையாது என்றார்.

ஆக எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கட்டின வருஷம் எந்த நாளில் வருகிறதோ, அன்று ஒரு பகல் மட்டும், விடிந்ததிலிருந்து சாயங்கால மணி வரைக்கும், அந்தச் சுவர் பச்சையாக நிற்கும். கோவில் கட்டி நூற்று எழுபத்தோரு வருஷம் என்று வாசல் கல்லிலேயே வெட்டியிருக்கிறது. அதில் முப்பத்தேழு போனால் நூற்று முப்பத்து நாலு. நாங்கள் அந்த நாளுக்குக் காத்திருந்தோம். மேட்டுத் தெருவும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது.

நூற்றிருபதாம் நாள் வாக்கில் கண்ணுக்கே தெரிந்தது. தூண்களில் இன்னும் கெட்டியாக வெள்ளை இருக்க, சுவரில் மட்டும் வெள்ளை மெலிந்து செங்கல்லின் சிவப்பு எட்டிப் பார்த்தது, நரைச்ச தலையில் சொட்டை தெரிகிற மாதிரி. இதைப் பார்த்து மேட்டுத் தெருவுக்குக் கிலி பிடித்தது. ஒரு சனிக்கிழமை பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, எட்டு ஆள் வைத்து, காய வைத்துக் காய வைத்து, தூண்களுக்குச் சமமாக வர, சுவரின் தங்கள் முகத்தில் சரியாக முப்பத்தேழு கோட்டு சுண்ணாம்பு அடித்தார்கள். தெற்கு முகத்தில் அடிக்கவில்லை. அதற்கு அவர்கள் எங்கள் பக்கம் வந்து நிற்க வேண்டும். அது அவர்களால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், இன்றைக்கு வழிய வேண்டிய பழைய கோட்டு ஒன்றும், நேற்று அடித்த புதுச் சுண்ணாம்பு முப்பத்தேழும் சேர்ந்து ஒரே மூச்சில் மடை திறந்த மாதிரி ஊற்றியது. சுவரோரம் பட்டுப் புடவையோடு முழங்கால் போட்டிருந்த பெண்களெல்லாம் இடுப்பு வரை வெள்ளையானார்கள். நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, சிரிப்பை அடக்க முடியாமல் பாட்டைச் சத்தமாகப் பாடினோம்.

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என் புருஷன் திண்டாடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அன்னிக்கு நீ போவாத பிலோ. பொம்பளைங்க வாணாம்."

"ஆம்பளைங்க போறீங்களா?"

அவருக்கு வேலை முழுக்க மேட்டுத் தெருவில்தான். அவர்கள் வீட்டு மாடி, அவர்கள் வீட்டுச் சுற்றுச்சுவர், அவர்கள் வீட்டுக் கக்கூஸ்.

"நூத்தி முப்பத்தி நாலு வருசமா நின்னுது. இன்னும் கொஞ்ச நாள்ல அவங்களே எடுத்துடுவாங்க."

"எந்த நாள்ல? சொல்லு. லாசர் பலகையில எழுதச் சொல்றேன்."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் குழம்புக்கு உப்பு ரெண்டு தடவை போட்டுவிட்டேன். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். அதைப் பார்த்து இன்னும் கோபம் வந்தது.

நூற்று முப்பத்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பேரவை ஓர் அறிவிப்பு ஒட்டியது. பாதுகாப்புக் காரணங்களுக்காகக் கோவில் நாளை ஒருநாள் மூடப்படும். பெரிய வாசலில் ஒரு பூட்டு, வடக்கு வாசலில் ஒரு பூட்டு, சாமியார் உள்ளே வருகிற வாசலில் ஒரு பூட்டு. மூன்றும் புதுப் பூட்டு. சாவி மூன்றும் இன்னாசியார் இடுப்பில். பங்குச் சாமியார் அமலனுக்கே சாவி கிடையாது. அவர் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து செய்தித்தாளை விசிறிக்கொண்டிருந்தார்.

காலனியில் பெண்களெல்லாம் குழாயடியில் கூடிவிட்டோம். சுண்ணாம்பே சாட்சி சொல்ல வந்தும் பூட்டு போட்டுவிட்டார்களே என்று ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினோம். அப்போது என் மாமியார், குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நம்ம வாசலுக்கு யாரு பூட்டு போட்டாங்க?"

யாரும் போடவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. நூறு வருஷத்துக்கு மேலாக மேட்டுத் தெருவில் ஒருத்தர்கூட அந்த வாசலில் கால் வைத்ததில்லை. அது அவர்களுக்கு வாசலாகவே தெரிந்ததில்லை. கோவிலுக்கு எத்தனை வாசல் என்று கேட்டால் மூன்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்கள். நாலாவது வாசலின் சாவி, அந்தப் பக்கத்தைக் கூட்டுகிற குடும்பம் என்பதால், எங்கள் வீட்டு உறியில் தொங்கிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை கிழக்கு வெளுக்கும்போது உள்ளே போனோம். நாங்கள் இருபது, இருபத்தைந்து பெண்கள், பாதிப் பேர் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள். பாப்பா என் முதுகில் தூளியில். தூண்களெல்லாம் வெள்ளை வெளேரென்று நிற்க, நடுவில் சுவர் மட்டும் துணி இல்லாத உடம்பு மாதிரி சிவப்பாக நின்றது. முதல் வெளிச்சம் சன்னலில் பட்டதும் அதன் இடுக்கெல்லாம் கசிந்தது. நான் மேல் வரிசைக்கு ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு செங்கல்லைப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. கீழே கொடுத்தேன். அவள் அடுத்தவளுக்குக் கொடுத்தாள். அப்படியே கை மாறி, கை மாறி, சின்ன வாசல் வழியாக வெளியே போய், முற்றத்தில் அடுக்கானது.

சம்மட்டி இல்லை, கடப்பாரை இல்லை. ஒரு சத்தம் இல்லை. ஆனால் மூன்றாவது வரிசை எடுக்கும்போது என் கை நின்றுவிட்டது. காரையில் விரல் பதிந்திருந்தது. வழித்துவிட்ட விரல். பக்கத்தில் வளையல் அழுந்தின வளைவு. ஆம்பளைக் கை இல்லை. நான் என் விரல்களை அதில் வைத்தேன், நாலும் அப்படியே போய் உட்கார்ந்தன. எடுக்க எடுக்க, வரிசைக்கு வரிசை, பெண் விரல்கள், கரண்டி பிடித்துக் காய்த்த விரல்கள், ஓர் இடத்தில் பிள்ளையின் முழுப் பாதம், வேலைக்கு வந்தவள் இறக்கி விட்டபோது மிதித்ததாக இருக்கும். எங்களைத் தள்ளி வைக்க எங்கள் கையாலேயே கட்ட வைத்திருக்கிறார்கள். கூலிக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு, மறு ஞாயிறு அதே சுவருக்குப் பின்னால் போய் அவள் உட்கார்ந்திருப்பாள். அதை நினைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் காய்ச்சல் மாதிரி கொதித்தது. அதன் பிறகு நான் எடுத்த வேகத்துக்குக் கீழே நின்றவர்களால் ஈடு கொடுக்க முடியவில்லை.

சுவர் நெஞ்சளவு இறங்கியபோது பெரிய வாசல் பூட்டு திறந்தது. இன்னாசியார், பின்னால் பத்துப் பதினைந்து பேர். சுவருக்கு மேலாக முதல் முறையாக அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன்.

"ஏம்மா பிலோமினா! நிறுத்து! கூரை வுழுந்துடும்!"

"வுழட்டும் பெரியவரே. வுழுந்தா ஒங்க தல மேலயும் என் தல மேலயும் ஒண்ணாத்தானே வுழும்?"

அவரோடு வந்தவர்கள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்கள். நாங்களும் பார்த்தோம். அவர்கள் ரெண்டு அடி பின்னால் போனார்கள்.

"வெளிய எடுத்துப் போய்ப் பாருங்கடி, கேசு போடுறேன்!" முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"எடுத்துக்கினுதான் போறோம், நீங்க ஒதுங்குங்க" என்றார் என் மாமியார், கையில் செங்கல்லோடு.

தடுக்க வேண்டுமென்றால் அவர்கள் எங்கள் கையைப் பிடிக்க வேண்டும். எங்களைத் தொட வேண்டும். பத்துப் பதினைந்து ஆம்பளைகள், கைகளை முன்னால் நீட்டி, நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். நாங்கள் அவர்கள் மூக்குக்கு முன்னால் வரிசை வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தோம். நடுவில் சின்ன வாசல் பக்கம் நிழலாடியது. என் புருஷன். கைலியை மடித்துக் கட்டியிருந்தார். வந்து, நாங்கள் தூக்க முடியாத அடிக்கல்லைக் குனிந்து நெம்பினார். நான் அடுத்த செங்கல்லை எடுத்தேன். மற்றதையெல்லாம் வீட்டில் பேசிக்கொள்ளலாம்.

பதினோரு மணிக்கு போலீஸ் வந்தது. சப் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து, வெளியே போய், அடுக்கைப் பார்த்து, மறுபடி உள்ளே வந்தார்.

"யாரு இடிச்சது?"

"இடிக்கல சார். எடுத்து அடுக்கினோம். ஒரு செங்கல்லு முனை ஒடஞ்சிருந்தா காட்டுங்க" என்றேன்.

அவர் நிஜமாகவே தேடிப் பார்த்தார். ஒன்றுகூட உடையவில்லை. கூரை இருந்த இடத்திலேயே இருந்தது. ஓர் ஓடுகூட நகரவில்லை.

முப்பத்தேழு நாள் கழித்து, தூண்களில் இருந்த முப்பத்தேழு வெள்ளையும் நாளுக்கு ஒன்றாக வழிந்து தீர்ந்து, நூற்று எழுபத்தோராம் நாள் கோவில் முழுக்க ஒரு பகல் பச்சையாக நின்று இறுகி, அதோடு எல்லாம் நின்றுபோனது. மறைமாவட்டத்துக்காரர்களும் அந்துவான் சாரும் வந்து அளந்து எழுதிக்கொண்டு போனார்கள். நான் சொல்ல வந்தது அது இல்லை. சுவர் போன நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான்.

பாப்பாவுக்கு வெள்ளைக் கவுன் போட்டு, சின்ன வாசல் வழியாக உள்ளே போகிறேன். சுவர் இல்லை. வெளிச்சம் இந்தக் கோடி வரைக்கும் வருகிறது. தரையில், சுவர் நின்ற இடம் மட்டும் ஒன்றரை அடி அகலத்துக்கு, யார் காலும் படாததால் பாலிஷ் ஏறாமல் சொரசொரவென்று நீளமாகப் போகிறது. அந்தப் பட்டைக்கு வடக்கே மேட்டுத் தெரு உட்கார்ந்திருக்கிறது. தெற்கே எங்கள் ஜனம் உட்கார்ந்திருக்கிறது. பட்டையில் ஒருவரும் இல்லை. ஒரு செருப்பில்லை, ஒரு பாயின் ஓரம்கூட இல்லை. சுவரைக் கையால் எடுத்த அதே பெண்கள், முந்தானையை இழுத்து அந்தக் கோடு படாமல் சரிபண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்னாசியார் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. எனக்கே கால் அங்கே வந்ததும் நின்றது பாருங்கள், அதுதான் இன்னும் ஆத்திரம்.

அதற்குள் அமலன் சாமியார், பேசினும் மக்குமாக, அந்தப் பக்கத்திலிருந்து வேகமாக வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இரும்மா பிலோமினா, நீ எதுக்குக் கைப்பிள்ளையோட அவ்ளோ தூரம்? நானே வந்துட்டேன் பாரு. இப்பத்தான் சுத்திக்கினு வர வேணாமே!"

"சாமி, தொட்டிக்குக் கால் இல்ல. எனக்கு இருக்குது" என்றேன்.

பட்டையில் கால் வைத்தேன். சொரசொரப்பு உள்ளங்காலில் ஏறியது. சட்டென்று தாண்டிப் போகவில்லை. அங்கேயே நின்று, பாப்பாவை இறக்கி, கவுனைச் சரிசெய்து, மூக்கைத் துடைத்துவிட்டு, பிறகு மெதுவாகத் தூக்கிக்கொண்டு வடக்கே நடந்தேன். முழங்கால் போட்டிருந்த பெண்கள் வழி விடவில்லை. "கொஞ்சம் தள்ளுங்க, இடிச்சிடப் போறேன்" என்றேன். இடித்துவிடுவேனோ என்ற பயத்திலேயே ஒதுங்கினார்கள். பின்னால் துணி உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. ரோசம்மா அத்தையின் இருமல் மட்டும் தெரிந்தது, கிட்டத்தில், பட்டையைத் தாண்டி இந்தப் பக்கம்.

தொட்டி கருங்கல். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது. சாமியார் பேசினை எங்கே வைப்பது என்று தெரியாமல் உபதேசியாரிடம் கொடுத்தார்.

"என்ன பேரு வச்சிருக்கே?"

"ஜெசிந்தா."

குளிர்ந்த தண்ணீர் உச்சியில் விழுந்தது. பத்து மாசம் பாப்பா என்று இருந்தவள், ஜெசிந்தா ஆன அந்த நொடியில், கண்ணை இறுக மூடி, முகம் சிவந்து, கையை முறுக்கி, ஆத்திரமாகக் கத்தினாள். கூரை வரைக்கும் போய்த் திரும்பி வருகிற கத்தல். முன்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். இன்னொருத்தி, "சமாதானப் படுத்தேம்மா, பூசைக்கு நேரமாவுது" என்றாள்.

"கத்தட்டும்" என்றேன்.